பிளம்பாஜின் வைத்து ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு: சேலம் பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

ஒவ்வொரு வருடமும் புராஜெக்ட் தொடங்கும் காலம் வந்தால் சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் நான்கைந்து பேராவது என்னிடம் வருவார்கள். கையில் ஒரு சின்னக் குப்பி இருக்கும், அடியில் துளி ஆரஞ்சுத் தூள். "அக்கா, இதை எதில் கரைக்கிறது?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கரைப்பது சுலபம், அதற்கு அப்புறம் வருகிற முடிவை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், நானும் ஒரு காலத்தில் சறுக்கினேன். அதனால் இதுவரை வந்த கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பிளம்பாஜின் என்றால் என்ன?

கொடிவேலிச் செடியின் வேரில் இருக்கும் மஞ்சள் பொருள். சித்திரமூலம் என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் தருவார்களே, அந்த வேர்தான். வேதியியலில் இது நாஃப்தோகுயினோன் வகை. இரண்டு வளையம் ஒட்டிய நாஃப்தலீன் சட்டத்தில் 1, 4 ஆகிய இடங்களில் இரட்டைப் பிணைப்போடு ஆக்சிஜன், 2-ல் ஒரு மெத்தில், 5-ல் ஒரு ஹைட்ராக்ஸில். மூலக்கூறு எடை 188.18. சுத்தமாக இருந்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சளில் ஊசி ஊசியாகப் படிகம், 76 முதல் 78 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். 3-ஆம் இடம் காலியாக இருக்கிறது பாருங்கள், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற தலைவலிகளில் பாதி அந்த ஒரு காலி இடத்தால்தான்.

ரெடாக்ஸ், ரெடாக்ஸ் என்கிறார்களே, புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

இதற்குப் புத்தகத்தைவிட சாயப்பட்டறை நல்ல வாத்தியார். எங்கள் அப்பா சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஒரு பட்டறையில் நூலுக்குச் சாயம் போட்டவர், பள்ளி விடுமுறையில் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வேட் சாயம் போடுகிற நாளில் தொட்டியில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் (சோடியம் டைதையோனைட்) போட்டிருப்பார்கள். ஜேட் கிரீன் என்று ஒரு சாயம், பெயரே பச்சைதான், ஆனால் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் நீலமாக இருக்கும். நூல் கழியை முக்கி எடுத்துப் பிழிந்து கம்பில் விரித்துப் போடுவார்கள், பார்த்துக்கொண்டு இருக்கும்போதே ஓரத்திலிருந்து பச்சை ஏறி வரும். காற்று படாத மடிப்பில் மட்டும் கொஞ்ச நேரம் நீலம் நிற்கும், அதை அப்பா விரலால் பிரித்து விடுவார், அதுவும் பச்சையாகும்.

அங்கே நடந்தது இவ்வளவுதான். அந்தச் சாயமும் பிளம்பாஜின் மாதிரி ஒரு குயினோன். ஹைட்ரோஸ் அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்தது, சாயம் கரையக்கூடிய வடிவத்துக்கு மாறி நூலுக்குள் இறங்கியது. காற்றில் விரித்ததும் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டது, சாயம் பழைய வடிவத்துக்குத் திரும்பி நூலிலேயே உட்கார்ந்துவிட்டது. வாங்குவதும் கொடுப்பதும், அதுவே ரெடாக்ஸ்.

பிளம்பாஜினையும் இதே மாதிரி கண்ணால் பார்க்கலாம். எத்தனாலில் கரைத்த மஞ்சள் கரைசலை எடுத்து, துத்தநாகத் தூளும் அசிட்டிக் அமிலமும் சேர்த்துக் கலக்கினால் மஞ்சள் வெளுத்துப்போகும். தெளிந்ததை வேறு குழாய்க்கு மாற்றித் திறந்து வைத்தால் காற்று பட்டு மெல்ல மஞ்சள் திரும்பும். செல்லுக்குள் ஹைட்ரோஸுக்குப் பதில் நொதிகள், தொட்டிக்குப் பதில் சைட்டோபிளாசம், அவ்வளவுதான் வித்தியாசம்.

செல்லுக்குள் போனதும் என்ன செய்கிறது?

இரண்டு வேலை செய்கிறது, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பொருளோடு வேலை செய்வதில் முக்கால்வாசி.

முதல் வேலை சுழற்சி. சைட்டோகுரோம் பி450 ரிடக்டேஸ் மாதிரியான நொதிகளும், மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கூட்டு நொதியும் பிளம்பாஜினுக்கு ஒரே ஒரு எலக்ட்ரான் கொடுக்கும். அப்போது அது செமிகுயினோன் என்கிற பாதி நிலைக்குப் போகிறது. அந்த நிலையில் அதிக நேரம் இருக்காது, பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அந்த எலக்ட்ரானை அதன் தலையில் கட்டிவிட்டுப் பழையபடி குயினோனாகிவிடும். எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட ஆக்சிஜன் சூப்பராக்சைடு ஆகிறது. குயினோன் செலவாகவே இல்லை, மறுபடி நொதியிடம் போகும், மறுபடி வாங்கும், மறுபடி ஆக்சிஜனிடம் தள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் செல் தன் என்ஏடிபிஹெச் என்ற எலக்ட்ரான் கையிருப்பிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது. சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும் நொதி சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், அதை 1969-ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் விவரித்தார்கள். பெராக்சைடும் இரும்பும் சந்தித்தால் ஹைட்ராக்ஸில் ரேடிக்கல் (ஜோடி இல்லாத எலக்ட்ரான் உள்ள துகள்) வரும், அது தொட்டதையெல்லாம் கெடுக்கும்.

இரண்டாவது வேலை ஒட்டிக்கொள்வது. மேலே 3-ஆம் இடம் காலி என்றேனே, அங்கே கந்தகம் உள்ள தையால்கள் வந்து ஒட்டும். குளுட்டாதியோன் ஒட்டும், புரதங்களில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் ஒட்டும். இதற்கு ஆக்சிஜன் தேவையே இல்லை, ரேடிக்கலும் தேவையில்லை. குளுட்டாதியோன் தீர்ந்தால் செல் தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாமல் போகும், நொதியின் முக்கியமான சிஸ்டீனில் ஒட்டினால் அந்த நொதி அங்கேயே நின்றுவிடும்.

ஆக, உங்கள் செல் செத்தால் அது சுழற்சியாலா, ஒட்டியதாலா, இரண்டாலுமா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எழுதப்படும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை, அத்தனை உழைப்பு அதில் இருக்கிறது.

எல்லா செல்லும் ஒரே மாதிரி சாகுமா?

சாகாது. என்க்யூஓ-1 என்று ஒரு நொதி உண்டு, 1958-ல் லார்ஸ் எர்ன்ஸ்டர் டிடி-டயாபோரேஸ் என்ற பெயரில் அறிவித்தது. இது ஒரு எலக்ட்ரான் கொடுத்து அரைகுறையாக விடாமல், ஒரே மூச்சில் இரண்டு எலக்ட்ரான் கொடுத்து ஹைட்ரோகுயினோன் ஆக்கிவிடும், செமிகுயினோன் நிலையே வராது. அந்த ஹைட்ரோகுயினோனை செல் சர்க்கரையோ சல்ஃபேட்டோ மாட்டி வெளியே அனுப்பிவிடலாம். ஏ549 நுரையீரல் புற்றுச் செல்களில் இந்த நொதி மிக அதிகம், எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுச் செல்களில் மரபணு மாற்றத்தால் கிட்டத்தட்ட இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து "மார்பகப் புற்றுச் செல்லைத்தான் தேர்ந்தெடுத்துக் கொல்கிறது" என்று எழுதிவிடாதீர்கள், முதலில் இந்த நொதியைப் பாருங்கள்.

கொடிவேலி நம்மூரில் எங்கே கிடைக்கும்? நானே போய்ப் பிடுங்கலாமா?

வெள்ளைப் பூ பூக்கும் கொடிவேலி சேலத்துச் சுற்றுவட்டாரத்தில் வேலியோரம், புதர்க்காடு, மலையடிவாரம் என்று பல இடத்தில் வளரும். அடையாளம் சுலபம். பூவுக்கு அடியில் இருக்கும் பச்சைக் குழலைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டும், அதில் சுரப்பி முடிகள் இருக்கின்றன. ஏற்காடு அடிவாரத்தில் ஒரு நடை போய்விட்டு வந்தால் சேலை ஓரத்தில் காய் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும், எங்கள் அம்மாயி அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டே "வேரைத் தொடாத வரைக்கும் இது சாதுச் செடி" என்பார். சிவப்புப் பூ பூப்பது செங்கொடிவேலி, அதில் பிளம்பாஜின் பொதுவாக இன்னும் அதிகம். வீட்டுத் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் இளநீலப் பூவும் இதே குடும்பம்தான், இனம் வேறு. பூச்சி தின்னும் செடிகளான குடுவைச் செடியிலும் பனித்துளிச் செடியிலும்கூட இந்தப் பொருள் உண்டு, இது பலருக்குத் தெரியாது.

பிடுங்குவது பற்றி: சேர்வராயன் மலையில் பெரும் பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் வேர் தோண்டுவது குற்றம். அதுவும் வேர் எடுத்தால் செடியே போய்விடும், இலை பறிப்பது மாதிரி இல்லை. ஒரு தொட்டியில் தண்டு நட்டு வளர்க்கலாம், நன்றாகவே பிடிக்கும். எங்கிருந்து எடுத்தாலும் பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் மாதிரியான இடத்தில் இனம் உறுதிசெய்து சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய வேர்த்துண்டுக்குப் பூ கிடையாது, அது வெள்ளையா சிவப்பா என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது.

வேரிலிருந்து நானே பிரித்தெடுக்கலாமா, வாங்குவது நல்லதா?

செல்லில் போடுவதற்கு என்றால் வாங்கிவிடுங்கள், தூய்மைச் சான்றோடு வரும். கற்றுக்கொள்வதற்கு என்றால் தாராளமாகப் பிரியுங்கள், முதல்முறை பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பொருள் கிடைப்பது கஷ்டம், காரணம் போகிற பாதை எல்லாம் நிறத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

வேரை நிழலில் உலர்த்துங்கள். நம்மூர் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காயப்போட்டால் கொஞ்சம் ஆவியாகவும் போய்விடும். பொடித்து ஹெக்சேனிலோ குளோரோஃபார்மிலோ ஊறவைத்து வடிகட்டினால் மஞ்சள் சாறு இறங்கும். உலர்ந்த வேரில் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும், எனவே 100 கிராம் வேர் எடுத்து ஒரு கிராம் வரும் என்று கனவு காண வேண்டாம். கரைப்பானை ஆவியாக்கும்போது சூட்டை ஏற்றி, வெற்றிடத்தையும் முழுசாக வைத்து அவசரப்படாதீர்கள். இது தானாகவே பறக்கும் சுபாவம் உள்ள பொருள், மிச்சம் பார்த்தால் குடுவையில் இருக்காது, குளிர்ந்த கழுத்தில் மஞ்சள் ஊசியாக ஒட்டியிருக்கும்.

டிஎல்சி தட்டில் (மெல்லிய பூச்சின் மேல் பொருள்களை ஓடவிட்டுப் பிரித்துப் பார்க்கும் தட்டு) ஹெக்சேன் ஒன்பது பங்குக்கு எத்தில் அசிட்டேட் ஒரு பங்கு வைத்துத் தொடங்கலாம். மஞ்சள் புள்ளி வெறும் கண்ணுக்கே தெரியும். பிறகு தட்டை அமோனியா பாட்டில் வாயருகே ஒரு கணம் பிடியுங்கள். மஞ்சள் புள்ளி இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்துக்கு மாறும், தட்டைக் காற்றில் ஆட்டினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். 5-ஆம் இடத்து ஹைட்ராக்ஸில் காரத்தில் புரோட்டானை விட்டுவிடுவதால் வரும் மாற்றம் இது. வாங்கிய மாதிரியை அதே தட்டில் பக்கத்தில் ஓட்டினால் பாதி உறுதி, மீதிக்கு உருகுநிலையும் நிறமாலையும் வேண்டும்.

ஸ்டாக், அதாவது அடர்ந்த மூலக் கரைசல், எப்படிப் போடுவது?

தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான் கரையும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் நன்றாகக் கரையும். 1.88 மில்லிகிராம் எடுத்து 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதிலிருந்து 5 மைக்ரோலிட்டரை 10 மில்லிலிட்டர் மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) சேர்த்தால் 5 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.05 சதவீதம்தான் வரும், செல்லுக்குத் தொந்தரவில்லை. செல் வளர்க்கும் தட்டில் மருந்து போடாத கட்டுப்பாட்டுக் குழிகளிலும் அதே 0.05 சதவீதம் டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும், வெறும் மீடியம் போதாது.

எடை போடுவது மூடியிட்ட தராசில், கையுறையோடு, முடிந்தால் புகைக்கூண்டில். தூள் மூக்கில் ஏறினால் எரியும். பழுப்புக் குப்பி, சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 20-ல், ஒரு பங்கை ஒருமுறை உருக்கினால் மிச்சத்தைத் திரும்ப உறையவைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதத்தில் சேலத்தில் மின்சாரம் போய் ஃப்ரீசர் இளகிவிட்டது என்றால் அந்த ஸ்டாக்கைப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துப் புதிதாகப் போடுங்கள். இரண்டு மில்லிகிராம் பொருளுக்காக இரண்டு மாத முடிவைப் பணயம் வைக்காதீர்கள்.

சக மாணவிக்கு 3 மைக்ரோமோலாரில் செல் செத்தது, எனக்கு 12 வரை ஒன்றும் ஆகவில்லை. என் பொருள் போலியா?

அநேகமாக இல்லை, இரண்டு பேரும் எந்த மீடியம் என்று கேளுங்கள். ஆர்பிஎம்ஐ 1640 என்ற மீடியத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளுட்டாதியோன் ஏற்கெனவே இருக்கிறது. டிஎம்இஎம் வகைகளில் சிலவற்றில் பைருவேட் 1 மில்லிமோலார் இருக்கும், அது ஹைட்ரஜன் பெராக்சைடைத் தின்றுவிடும். பாட்டில் லேபிளில் பைருவேட் உண்டா இல்லையா என்று எழுதியிருக்கும், பலரும் அதைப் படிப்பதே இல்லை. சீரத்தில் இருக்கும் ஆல்புமினிலும் ஒரு தையால் காலியாக இருக்கிறது, பிளம்பாஜின் அங்கேயும் போய் ஒட்டும். எனவே 10 சதவீத சீரத்தில் வருகிற அளவும் 1 சதவீத சீரத்தில் வருகிற அளவும் ஒன்றாக இருக்காது.

இன்னொன்று, செல் எண்ணிக்கை. குழியில் 5,000 செல் போட்டவருக்கும் 20,000 போட்டவருக்கும் ஒரே மைக்ரோமோலார் ஒரே மருந்தல்ல. செல் அதிகமானால் பெராக்சைடைச் சமாளிக்கும் கைகளும் அதிகம். சாயப்பட்டறையில் தொட்டியில் எத்தனை கழி முக்குகிறோம் என்று பார்க்காமல் சாயம் எடை போடுவார்களா?

என்ஏசி (என்-அசிட்டைல் சிஸ்டீன்) போட்டதும் செல் பிழைத்துக்கொண்டது. அப்போ காரணம் ரேடிக்கல்தானே?

இந்தக் கேள்வியில் நானே விழுந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

என் முதுகலை ஆய்வில் பிளம்பாஜின் போட்ட குழிகள் செத்தன, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்-அசிட்டைல் சிஸ்டீன் போட்ட குழிகள் அப்படியே உயிரோடு இருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். "எதிர் ஆக்சிகரணி காப்பாற்றியது, எனவே ஆக்சிஜன் ரேடிக்கலால்தான் சாவு" என்று எழுதி, பட்டை வரைபடம் போட்டு, பைண்டிங் வரைக்கும் போய்விட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் சத்தம் போடவில்லை. "அம்மா, ஒரு குழாயில் இரண்டையும் கலந்து பார்த்தாயா? செல் வேண்டாம், வெறும் பஃபர் போதும்" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை.

மறுநாள் பார்த்தேன். பிஹெச் 7.4 பஃபரில் பிளம்பாஜின், அதில் என்ஏசியைச் சேர்த்தேன். மஞ்சளின் சாயல் மாறியது. டிஎல்சி ஓட்டினால் மேலே ஏறிப்போக வேண்டிய மஞ்சள் புள்ளி மங்கிக்கிடந்தது, தொட்ட இடத்திலேயே கீழே புதிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. என்ஏசியும் ஒரு தையால்தானே, அது பிளம்பாஜினின் 3-ஆம் இடத்தில் நேராகப் போய் ஒட்டிவிட்டது. செல்லைக் காப்பாற்றியது ரேடிக்கலைத் தடுத்ததால் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. மருந்தே செல்லுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் அதே வரைபடத்தைத்தான் தரும். அந்த ஒரு பத்தியை மாற்றி எழுத எனக்கு மூன்று மாதம் கூடுதலாக ஆனது, அந்த மூன்று மாதத்தில் கற்றது அதற்கு முந்தின இரண்டு வருடத்தில் கற்றதைவிட அதிகம்.

சரி, என்ன செய்யலாம்? தையால் இல்லாத தடுப்பு வேண்டும். கேட்டலேஸ் நொதியை மீடியத்தில் போடுங்கள், பெராக்சைடு செல்லுக்கும் வெளிக்கும் சவ்வைக் கடந்து போய்வரக்கூடியது, வெளியே கேட்டலேஸ் இருந்தால் கணிசமாக வடிந்துவிடும். அதில் செல் பிழைத்தால் பெராக்சைடு காரணம் என்று பேசலாம். சூடாக்கிக் கெடுத்த கேட்டலேஸையும் பக்கத்தில் வையுங்கள், அதிலும் பிழைத்தால் காப்பாற்றியது புரதம்தான், நொதி அல்ல. முடிந்தால் ஆக்சிஜன் குறைந்த அறையில் அதே சோதனையைச் செய்யுங்கள், சுழற்சிக்கு ஆக்சிஜன் தேவை, ஒட்டுவதற்குத் தேவையில்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வழி டிஎம்என்க்யூ என்ற இன்னொரு நாஃப்தோகுயினோனைப் பக்கத்தில் வைப்பது, அதைக் கீழே சொல்கிறேன்.

செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்டிடியும், ரேடிக்கல் பார்க்கும் டிசிஎஃப் சாயமும் போதுமா?

தனியாக நம்பினால் போதாது. எம்டிடியில் ஊதா வந்தால் செல் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம், ஆனால் எலக்ட்ரானைக் கை மாற்றுவதே தொழிலாக உள்ள பொருளை உள்ளே போட்டிருக்கிறோம். தையாலும் குயினோனும் சேர்ந்தால் செல்லே இல்லாத குழியிலும் நிறம் வர வாய்ப்புண்டு. எக்ஸ்டிடி, டபிள்யூஎஸ்டி வகைகளில் இன்னும் மோசம், அந்தச் சோதனைகளில் எலக்ட்ரானைக் கடத்த இடைத்தரகராக ஒரு பொருளைச் சேர்ப்பார்கள், குயினோன் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும். மேலும் பிளம்பாஜின் 410, 420 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சும், 450-ல் படிக்கும்போது அதன் வால் கொஞ்சம் கலக்கலாம். மருந்து மட்டும் உள்ள, செல் இல்லாத குழிகளைக் கட்டாயம் வையுங்கள். படிக்கும் முன் மீடியத்தை மாற்றி ஒருமுறை கழுவுங்கள். டிரிப்பன் நீலத்தில் எண்ணியோ, காலனி வளர்த்தோ ஒரு முறையாவது ஒத்துப்பாருங்கள்.

டிசிஎஃப் பச்சையாக ஒளிர்ந்தால் "ரேடிக்கல் அளந்தேன்" என்று எழுதுகிறார்கள். அந்தச் சாயம் ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேராக வினைபுரிவதில்லை, இடையில் இரும்போ பெராக்சிடேஸோ வேண்டும். அது தானே பாதி ஆக்சிகரணம் அடைந்து சூப்பராக்சைடு உண்டாக்கவும் செய்யும். எனவே அது செல்லில் ஏதோ கலவரம் என்று சொல்லும், யார் செய்தது என்று சொல்லாது. சைட்டோகுரோம் சி வைத்து சூப்பராக்சைடு அளப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சூப்பராக்சைடு இல்லாமலே செமிகுயினோன் நேராகச் சைட்டோகுரோமுக்கு எலக்ட்ரான் கொடுத்துவிடும்.

மெனடியோன், லாசோன், ஜூக்லோன், டிஎம்என்க்யூ என்று பட்டியலில் இருக்கிறதே, எதை வாங்குவது?

எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், குணம் வேறு வேறு. மெனடியோன் என்பது பிளம்பாஜினிலிருந்து 5-ஆம் இடத்து ஹைட்ராக்ஸிலை எடுத்துவிட்டால் கிடைப்பது, வைட்டமின் கே3 என்பதும் இதுதான். விலை மிகக் குறைவு, ரெடாக்ஸ் சுழற்சி பற்றிய பழைய ஆய்வுகள் பெரும்பாலும் இதில்தான் நடந்தன. இதுவும் சுழலும், ஒட்டவும் செய்யும். ஜூக்லோனில் 2, 3 இரண்டு இடமும் காலி, ஒட்டுவதில் இது முந்தும்.

டிஎம்என்க்யூவில் 2, 3 இரண்டிலும் மெத்தாக்சி உட்கார்ந்திருக்கும், தையால் ஒட்ட இடமே இல்லை. சுழலும், ஒட்டாது. பிளம்பாஜினையும் இதையும் ஒரே தட்டில் ஓட்டினால், இரண்டும் செய்வது எது, பிளம்பாஜின் மட்டும் செய்வது எது என்று பிரியும். பணம் குறைவு என்றால் பிளம்பாஜினில் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டு இதையும் சேர்த்து வாங்குங்கள்.

லாசோன் நம் மருதாணியில் இருப்பது. ஹைட்ராக்ஸில் 2-ஆம் இடத்தில் இருப்பதால் குணமே மாறிவிடுகிறது. அதன் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை விட்டுவிடும் பிஹெச்) 4-ஐ ஒட்டியது, செல்லின் பிஹெச்சில் அது எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும், அந்த நிலையில் எலக்ட்ரான் வாங்க அதற்கு அவ்வளவு மனம் வராது. கல்யாணத்துக்கு இரண்டு கையும் மருதாணி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறோம், கொடிவேலி வேரை அரைத்துக் கையில் வைத்தால் கொப்புளம் போடும். இரண்டுமே நாஃப்தோகுயினோன்தான், ஒரு ஹைட்ராக்ஸில் எங்கே இருக்கிறது என்பதில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

பாக்டீரியாவில் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். ஈ.கோலியில் சூப்பராக்சைடு அழுத்தம் கொடுக்க இது பழைய, நம்பகமான பொருள். சாக்ஸ்-ஆர் என்ற புரதம் இரும்பு-கந்தகக் கொத்து வைத்து இதை உணர்ந்து சாக்ஸ்-எஸ்ஸைக் கிளப்பும், அது பாதுகாப்பு மரபணுக்களை இயக்கும். காற்றோட்டமாக ஆட்டி வளர்க்க வேண்டும், குழாயை அசைக்காமல் வைத்தால் விளைவு மங்கிவிடும்.

புற்றுநோய்க்கு நல்லது என்று படித்தேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கு வேரைக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒரு முறையாவது வருகிறது, கேட்பவர்களின் முகத்தைப் பார்த்தால் மனசு கனக்கும், ஆனாலும் பதில் இதுதான். தட்டில் செல் சாவது என்பது வேறு, உடம்பு குணமாவது வேறு. தட்டில் இது புற்றுச் செல்லையும் கொல்லும், அளவு ஏறினால் நல்ல செல்லையும் கொல்லும். மனிதர்களுக்குப் புற்றுநோய் மருந்தாக இது ஒப்புதல் பெற்றதில்லை. பச்சை வேர் தோலைப் புண்ணாக்கும், வயிற்றிலும் அதையே செய்யும். கர்ப்பிணிகளுக்கு மிக ஆபத்து, கருவைக் கலைக்க இந்த வேரைத் தவறாகப் பயன்படுத்தி உயிருக்கே ஆபத்தானதும் உண்டு.

சித்த, ஆயுர்வேத மருந்துகளில் இது இல்லையா என்பீர்கள். இருக்கிறது, ஆனால் சுத்தி, அதாவது நச்சுக் குறைப்பு, செய்யாமல் சேர்க்க மாட்டார்கள். ஆயுர்வேதத்தில் வேர்த்துண்டுகளைச் சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைப்பார்கள், நீர் சிவந்துபோகும், அந்த நீரைக் கொட்டிவிட்டு வேரைக் கழுவி உலர்த்துவார்கள். டிஎல்சி தட்டில் அமோனியா பட்டு நிறம் மாறியதே, அதே வேதியியல்தான் இது. காரத்தில் ஹைட்ராக்ஸில் புரோட்டானை விட்டு உப்பாகி நீரில் இறங்குகிறது, வேரில் பிளம்பாஜின் குறைகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு மூலக்கூறு தெரியாது, நீர் சிவந்ததும் வேரின் எரிச்சல் குறைந்ததும் தெரிந்திருக்கிறது. அந்தச் சுத்தியைப் படித்த மருத்துவர் செய்யட்டும், நாம் வீட்டில் செய்ய வேண்டாம். சிகிச்சையில் இருப்பவர் என்றால் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் சேர்க்காதீர்கள்.

கையில் பட்டுவிட்டது, என்ன செய்வது?

உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். டிஎம்எஸ்ஓ ஸ்டாக் பட்டால் இன்னும் அவசரம், டிஎம்எஸ்ஓ தோலுக்குள் கூட்டிக்கொண்டு போகும். பழுப்புக் கறை சில நாள் இருக்கும், அதைத் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள். எரிச்சலோ கொப்புளமோ வந்தால் மருத்துவரிடம் போங்கள், குப்பியில் ஒட்டியிருக்கும் பெயரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு நேராக மருத்துவமனை.

மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றலாமா?

கூடாது. மீடியம், ஸ்டாக், கழுவிய எத்தனால் எல்லாம் கரிமக் கழிவுக் கேனுக்குள், மூடி போட்டு, பெயர் எழுதி. மஞ்சள் பட்ட முனைகளும் கையுறைகளும் தனிப் பையில். பிளாஸ்டிக் முனையில் மஞ்சள் ஊறியிருந்தால் கழுவி மறுபடி பயன்படுத்தாதீர்கள், அது அடுத்தவருடைய கட்டுப்பாட்டுக் குழியில் போய் இறங்கும்.